நாலு வயசுப் பிள்ளைக்குக் குரல் கம்மல், மூச்சில் சத்தம்: தொண்டைக்குள் வளரும் பாப்பிலோமா

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மூத்த பையனுக்கு நாலு வயது. ஒரு வருஷமாகவே குரல் கம்மல். இப்போது தூங்கும்போது மூச்சில் சத்தம் வேறு. ஆஸ்துமா என்று சொல்லிப் பலமுறை கிளினிக்கில் நெபுலைசர் வைத்தும் கேட்கவில்லை. கடைசியில் ஈப்போ பெரியாஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, குரல் நாண்களில் பாப்பிலோமா வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டும், எடுத்தாலும் திரும்ப வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். இது கேன்சரா, ஏன் திரும்ப வருகிறது, என்னால் வந்ததா, கழுத்தில் ஓட்டை போடுவார்களா, நாட்டு மருந்தில் கரையுமா என்று கேட்கிறார். மாமனாருக்கும் தொண்டை கட்டியே இருக்கிறதாம், அது பிள்ளையிடமிருந்து ஒட்டியதா என்று ஒரு கேள்வி. தான் இப்போது ஐந்து மாதம், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் வருமா என்று இன்னொன்று.

நான் டாக்டர் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிப் பிள்ளைகளின் ஆபரேஷன்களில் பக்கத்தில் நின்று பார்த்ததையும், அந்த டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்துச் சொல்கிறேன். உங்கள் பையனைப் பொறுத்தவரை அவனைப் பார்க்கும் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுவோம். இது கேன்சர் இல்லை. ஹெச்.பி.வி. என்று ஒரு வைரஸ் இருக்கிறது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். 6, 11 என்று எண் கொடுத்திருக்கும் இரண்டு வகைகள் குரல்வளையின் உள்தோலில் குடியேறி மரு கிளப்பிவிடுகின்றன. அந்த மருதான் பாப்பிலோமா. கையில் காலில் வரும் மருவுக்கு உறவுக்காரன்தான், இடம்தான் வேறு. பல வருஷம் இருந்து கேன்சராக மாறுவது உண்டு, ஆனால் அபூர்வம். அதைக் கண்காணிக்கத்தான் வெட்டியெடுத்த துணுக்கை லேபுக்கு அனுப்புவார்கள். 'பயாப்சி எடுத்தார்கள்' என்று யாராவது சொன்னால் உடனே கலங்கிப்போகாதீர்கள், அது வழக்கமான வேலை.

கேன்சர் இல்லையென்றாலும் அசட்டையாக இருக்கக்கூடிய நோய் கிடையாது, அது வளரும் இடம் அப்படி. குரல் நாண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் நாம் விடும் மூச்சு முழுவதும் போய் வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வழி மிகக் குறுகல். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் தடித்துவிட்டால், காற்று போகும் பரப்பில் முக்கால் பங்கு போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு வெறும் தொண்டைக்கட்டாக இருக்கும் அளவு, பிள்ளைக்கு மூச்சுத் திணறலாகிவிடுகிறது.

அப்புறம் ஏன் ஒரு வருஷமாகக் கண்டுபிடிக்கவில்லை என்று உங்களுக்குக் கோபம் இருக்கும். நியாயம்தான். ஆனால் இது உங்கள் பையனுக்கு மட்டும் நடந்ததில்லை. உலகம் முழுக்க இந்த நோயை முதலில் ஆஸ்துமா, சளி, குரூப் (வைரஸால் தொண்டை வீங்கி வரும் இருமல்) என்றுதான் பார்க்கிறார்கள். நோய் அபூர்வமானது, ஆஸ்துமாவோ தெருவுக்கு நாலு பிள்ளைக்கு இருக்கிறது. கூட்டம் நெருக்கும் கிளினிக்கில் 'மூச்சில் சத்தம்' என்றதும் கை நெபுலைசர் பக்கம் போவதில் ஆச்சரியமில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. இதை மற்ற பெற்றோரும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிள்ளை தூங்கும்போது சட்டையைக் கழற்றிவிட்டு, காற்றாடியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். சத்தம் மூச்சை உள்ளே இழுக்கும்போது வருகிறதா, வெளியே விடும்போதா என்று கவனியுங்கள். நெஞ்சு எழும்பும்போது வந்தால் உள்மூச்சு, அமுங்கும்போது வந்தால் வெளிமூச்சு. ஆஸ்துமாவின் விசில் பெரும்பாலும் வெளிமூச்சில் வரும். தொண்டையில் அடைப்பிருந்தால் உள்மூச்சில் கரகரவென்றோ கீச்சென்றோ இழுக்கும், சில நேரம் இரண்டிலும் கேட்கும். அடுத்து, கழுத்துக்குக் கீழே நெஞ்செலும்பின் உச்சியில் ஒரு குழி இருக்குமே, ஒவ்வொரு மூச்சுக்கும் அது உள்ளே இழுபடுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது குரல். ஆஸ்துமாவில் குரல் மாறாது. இன்ஹேலரில் ஸ்டீராய்டு இழுக்கும் பிள்ளைகளுக்குக் குரல் கொஞ்சம் கம்மலாம், அது உண்மைதான். ஆனால் அதனால் உள்மூச்சில் சத்தம் வராது. இன்னொன்று, ஆஸ்துமா வரும், போகும். மழைக்கு, புகைக்கு, சளிக்கு ஏறி மருந்துக்கு இறங்கும். பாப்பிலோமாவோ மாதக்கணக்கில் ஒரே திசையில் போகும். முதலில் குரல் கம்மும், அப்புறம் ஓடினால் சத்தம் வரும், கடைசியில் சும்மா இருந்தாலே வரும்.

கையில் போன் இருக்கிறதல்லவா, ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகம் தேவையில்லை, கழுத்தும் நெஞ்சும் தெரிந்து சத்தம் கேட்டால் போதும். டாக்டர் முன்னால் உட்காரும்போது பிள்ளை நன்றாகத்தான் இருப்பான், அதுதான் வழக்கம். 'ராத்திரி ஒரு மாதிரி மூச்சு விடறான் டாக்டர்' என்று பத்துத் தடவை சொல்வதைவிட அந்த வீடியோ வேலை செய்யும்.

இதில் ஒரு விதிவிலக்கு. நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை, சாப்பிட்டுக்கொண்டோ விளையாடிக்கொண்டோ இருக்கும்போது திடீரென்று புரையேறி, அதிலிருந்து மூச்சில் சத்தம் வந்தால் வேறு கதை. அது கடலையோ பொத்தானோ உள்ளே போனதாக இருக்கும். ஈப்போ புந்தோங் கச்சான் பூத்தே பெயர்பெற்ற கடலைப் பலகாரம்தான், நானும் பை பையாக வாங்குகிறவன்தான். ஆனால் நாலைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் முழுக் கடலையைக் கொடுக்காதீர்கள். அப்படிப் புரையேறி சத்தம் நிற்கவில்லையென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அதே நேரம், குரல் கம்மிய பிள்ளைக்கெல்லாம் பாப்பிலோமா என்று யாரும் பயப்பட வேண்டாம். பிள்ளைகளின் குரல் கம்மலுக்கு அதிகமாகக் காரணமாக இருப்பது நாட்யூல், அதாவது கத்திக் கத்தி இரண்டு குரல் நாண்களிலும் எதிரெதிரே காய்த்துப்போவது. தமிழ்ப்பள்ளித் திடலில் உச்சக் குரலில் கத்துகிற ஆளாக இருப்பான், காலையில் குரல் பரவாயில்லை, சாயங்காலம் மோசமாகிவிடும், மூச்சில் எந்தத் தொந்தரவும் இருக்காது. அதற்கு ஆபரேஷன் செய்ய யாரும் அவசரப்படுவதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பார்கள், பெரும்பாலும் வயதுக்கு வரும்போது தானாகச் சரியாகிவிடும். ஆனால் அது நாட்யூல்தான் என்பதையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். வெளியிலிருந்து குரலைக் கேட்டு, இது இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

பார்ப்பது எப்படி என்பது உங்களுக்கு இப்போது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளையை அம்மா மடியில் உட்கார வைத்து, மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, மெல்லிய வளையும் கேமராவை மூக்கு வழியாக விடுவார்கள். பிள்ளை அழுவான். அழட்டும், அழும்போது குரல் நாண்கள் திறந்து மூடுவது நன்றாகத் தெரியும். ஒன்றிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். முதன்முதலில் உயிருள்ள மனிதரின் குரல் நாண் அசைவதைக் கண்ணாடியில் பார்த்து ஆராய்ந்து எழுதியவர் டாக்டரே கிடையாது, மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். 1854-ல் பல் டாக்டரின் கண்ணாடியையும் வெயிலையும் வைத்துத் தன் தொண்டையைத் தானே பார்த்தார். எனக்கு மிகப் பிடித்த கதை அது.

கேமராவில் பாப்பிலோமா வெளிர் சிவப்பாக, குலை குலையாக, ஒவ்வொரு முனையிலும் பொட்டு வைத்தாற்போல் ரத்தக் குழாய் தெரிய இருக்கும். பழகிய கண்ணுக்குப் பார்த்தவுடனே புரியும். ஆனாலும் மயக்கம் கொடுத்து உள்ளே பார்த்து, துணுக்கு எடுத்து, லேபில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் உறுதி. அதே மயக்கத்தில் மூச்சுக் குழாய்க்குள்ளும் இறங்கி, அங்கே பரவியிருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள்.

இனி ஆபரேஷன். வெளியில் கத்தி படாது, தையல் கிடையாது. முழு மயக்கத்தில் வாய் வழியாக ஒரு நீளமான உலோகக் குழாயை வைத்து, அதைத் தாங்கியில் மாட்டி நிறுத்திவிட்டு, மைக்ரோஸ்கோப்பிலோ கேமராவிலோ பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வேலை செய்வார்கள். இதில் சர்ஜன் அளவுக்கு முக்கியமானவர் மயக்க மருந்து டாக்டர். அவர் மூச்சுக் கொடுக்க வேண்டிய அதே வழியில்தான் இவர் வெட்டவும் வேண்டும். அதனால் இருவரும் பேசிக்கொண்டே செய்வார்கள். சில நேரம் மூச்சுக்கான குழாய் போடாமல் பிள்ளை தானாக மூச்சு விடும்படி மயக்கத்தை அளவாக வைப்பார்கள், சில நேரம் அந்தக் குழாயைக் கொஞ்ச நேரம் எடுத்து வைத்துவிட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள்.

வெட்டுவதற்கு இரண்டு கருவிகள் அதிகம் பயன்படுகின்றன. ஒன்று மைக்ரோடிபிரைடர், நுனியில் சுழலும் சின்ன பிளேடு, வெட்டிய துணுக்கை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். இன்னொன்று லேசர். லேசர் என்றால் நவீனம், அதுதான் நல்லது என்று நம் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். 'லேசர்ல செய்யலியா?' என்று வார்டில் கேட்காத ஆளில்லை. பிள்ளைகளுக்கு, குலை பெரிதாக இருந்தால், பிளேடுதான் வேகம், சூடு இல்லாததால் அடியிலுள்ள தசை வேகாது. லேசர் போட்டால் ஆக்சிஜனைக் குறைக்க வேண்டும், ஈரப் பஞ்சு வைக்க வேண்டும், தொண்டைக்குள் தீப்பிடிக்கும் அபாயத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். கிளம்பும் புகையில் வைரஸ் இருக்கக்கூடும் என்பதால் அதை உறிஞ்சியெடுக்கவும் வேண்டும். நுணுக்கமான இடங்களில் லேசருக்கு மதிப்பு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எந்தக் கருவி என்று சர்ஜனிடம் பேரம் பேசாதீர்கள், அவர் கை எதில் பழகியிருக்கிறதோ அதுதான் உங்கள் பிள்ளைக்கு நல்லது.

ஏன் திரும்ப வருகிறது என்று கேட்டீர்கள். தோட்டத்தில் லாலாங் புல்லைப் பார்த்திருப்பீர்கள். மேலே எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கிறது. இங்கே வைரஸ், பார்ப்பதற்கு நல்ல தோலாகத் தெரிகிற இடத்திலும் ஒளிந்திருக்கிறது. அதையும் சேர்த்து எடுக்கிறேன் என்று சர்ஜன் ஆழமாகத் தோண்டினால் மரு போகும், கூடவே குரலும் போகும். ஆபரேஷனின் நோக்கம் மூச்சு வழியைத் திறப்பதும் குரலைக் காப்பாற்றுவதும்தான். வேரோடு ஒழிப்பது அதன் வேலை இல்லை.

குறிப்பாக ஒரு இடம். இரண்டு குரல் நாண்களும் முன்பக்கம் ஒன்று சேரும் மூலை. அங்கே இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் புண்ணாக்கினால், ஆறும்போது இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, ஜவ்வு கட்டிவிடும். அந்தக் கம்மலை அப்புறம் சரிசெய்வது பெரும்பாடு. அதனால் நல்ல சர்ஜன் அந்த மூலையில் வேண்டுமென்றே கொஞ்சம் மிச்சம் வைப்பார். 'முழுசா எடுக்கல, கொஞ்சம் விட்டுட்டேன்' என்று அவர் சொன்னால், அவர் கவனமாக வேலை செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை தடவை ஆபரேஷன் என்பதற்கு யாராலும் எண் சொல்ல முடியாது. சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்றோடு அடங்கிவிடுகிறது. சிலருக்கு முதல் வருஷங்களில் சில வாரங்களுக்கு ஒருமுறை. 11-ஆம் வகை வைரஸும், மிகச் சின்ன வயதில் ஆரம்பித்ததும் கொஞ்சம் முரட்டுத்தனம் காட்டும். வளர வளரப் பலருக்கு இடைவெளி நீளும், சிலருக்கு வாலிப வயதில் நின்றேவிடும். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

வருஷத்துக்கு நாலு ஆபரேஷனுக்கு மேல் தேவைப்பட்டாலோ, மூச்சுக் குழாய்க்குள் இறங்கினாலோ, கூடவே மருந்து யோசிப்பார்கள். சிடோஃபோவிர் என்ற வைரஸ் மருந்தை மரு இருந்த இடத்திலேயே ஊசியாகப் போடுவது ஒரு வழி. பெவாசிசுமாப் என்று ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் கேன்சர் மருந்து, நரம்பில் ஏற்றுவது. கடுமையான நோயாளிகள் பலருக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் மரு திரும்ப வளர்கிறது, ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே ஒரு ஊசி மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது பெரியவர்களுக்கு மட்டும். வாட்ஸ்அப்பில் 'பாப்பிலோமாவுக்கு மருந்து வந்துவிட்டது' என்று வந்தால் அதைத்தான் சொல்கிறார்கள், உங்கள் பையனுக்கு இப்போது அது கிடையாது.

கழுத்தில் ஓட்டை போடுவதை முடிந்தவரை தவிர்ப்பார்கள், ஏனென்றால் ஓட்டை போட்ட இடத்திலும் அதற்குக் கீழேயும் மரு இறங்கி வளரும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் மூச்சு முழுதாக அடைத்துக்கொண்டு ஒரு பிள்ளை வந்தால் உயிர்தான் முதலில், அப்போது போட்டே ஆக வேண்டும், முடிந்த சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். அந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். இந்த நோயில் பிள்ளைகள் ஆபத்தான நிலையில் வருவது பெரும்பாலும் மருவின் வேகத்தால் மட்டும் இல்லை, அப்பாயின்ட்மென்ட் விட்டுப்போவதாலும்தான். முதல் ஆபரேஷன் முடிந்ததும் குரல் தெளிந்துவிடும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். மூன்றாவது ஆபரேஷனில் சலிப்பு வந்துவிடும். 'எத்தன தடவதான் அறுப்பாங்க, இவங்களுக்குத் தெரியல' என்று ஒரு அத்தை சொல்வார், ஒரு மாமா மந்திரிக்கிற ஆளின் நம்பர் கொடுப்பார். ஈப்போ போய் வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் இல்லை, கார் இரவல் வாங்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. ஆஸ்பத்திரிச் செலவு பெரிதில்லை, நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட்தான், போக்குவரத்தும் சம்பளமும்தான் அடிக்கிறது. அதற்கு வழி கேளுங்கள். ஒவ்வொரு அரசாங்கப் பெரியாஸ்பத்திரியிலும் சமூகநலப் பிரிவு இருக்கிறது, நர்ஸிடம் சொன்னால் சேர்த்துவிடுவார்கள். தேதியை மாற்ற வேண்டுமென்றால் போன் செய்து மாற்றுங்கள். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ஆபரேஷன் நாள் காலையில் நான் அடிக்கடி பார்த்த ஒரு விபரீதம். பிள்ளை பசியில் அழுகிறான் என்று பாட்டி ரகசியமாக ஒரு கோப்பை மைலோ கொடுத்துவிடுவார். மைலோ தண்ணீர்க் கணக்கில் சேராது, சாப்பாட்டுக் கணக்கு. மயக்கத்தில் அது வயிற்றிலிருந்து மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் அன்றைய ஆபரேஷன் ரத்து, திரும்பத் தேதி வாங்க வேண்டும். கெட்டி உணவும் மைலோவும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் எதுவரை கொடுக்கலாம் என்று வார்டில் சொல்வதை எழுதி வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். பாட்டியிடம் முதலில்.

நாட்டு மருந்துக்கு வருவோம். கற்பூரவல்லிச் சாறு, துளசி, தேன் எல்லாம் ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தொண்டைக்கு இதமாக இருக்கும், கொடுத்துக்கொள்ளுங்கள். மருவைக் கரைக்காது. ஆனால் மூன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். உள்நாக்கு தூக்குகிறேன் என்று விரலில் உப்பும் மிளகும் தொட்டு உள்ளே அழுத்துவது, தொக்கம் எடுக்கிறேன் என்று குழல் வைத்து ஊதி உறிஞ்சுவது, கொதிக்கும் சட்டியை முன்னால் வைத்து ஆவி பிடிக்க வைப்பது. ஏற்கெனவே குறுகியிருக்கும் தொண்டையில் கொஞ்சம் வீங்கினாலும், கொஞ்சம் ரத்தம் கசிந்தாலும் மூச்சு நின்றுபோகும். ஆவிச் சட்டி கவிழ்ந்து வெந்த பிள்ளைகளும் உண்டு.

எப்போது ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் கேட்டால், நெஞ்சுக்குழியும் விலா இடைவெளிகளும் இழுபட்டால், தண்ணீர் குடிக்க முடியாமல் எச்சில் வழிந்தால், உதடு நீலம் பாய்ந்தால், திணறிக்கொண்டிருந்தவன் திடீரென்று சோர்ந்து அமைதியாகிவிட்டால், காலை வரை காத்திருக்காதீர்கள். 999 கூப்பிடுங்கள் அல்லது பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். படுக்க வைக்காதீர்கள், மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், வாய்க்குள் எதையும் விட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே நுழைந்ததும் 'குரல்வளையில் பாப்பிலோமா' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்களுக்குக் குழாய் போட வேண்டிவந்தால் அந்தச் செய்திதான் முக்கியம். ஆஸ்பத்திரிக் கார்டின் போட்டோவைப் போனில் வைத்திருங்கள்.

இப்போது நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி, 'என்னால் வந்ததா?' இந்த வைரஸ் பிள்ளைக்குப் பெரும்பாலும் பிரசவ நேரத்தில் பிறப்பு வழியில் ஒட்டுகிறது. முதல் பிள்ளை, இளம் வயதுத் தாய், சுகப்பிரசவம், இந்த மூன்றும் சேர்ந்த வீடுகளில் அதிகம் பார்க்கிறார்கள். அதனால் 'ஆமாம், உங்களிடமிருந்து வந்திருக்கலாம்' என்பதுதான் நேரான பதில். ஆனால் அதற்கும் குற்றத்துக்கும் சம்பந்தமில்லை. திருமணமான ஆண் பெண் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது ஹெச்.பி.வி. வந்து போகிறது. பெரும்பாலோருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது, தானாகப் போய்விடும், சிலருக்கு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. உங்கள் வீட்டுக்காரர் இதைப் படித்தால் அவருக்கும் இதே வார்த்தைதான்: இதை வைத்து மனைவியைச் சந்தேகப்படுவது அறியாமை, அவரிடம் வந்தது உங்களிடமிருந்தும் இருக்கலாம். தங்கச்சி, டாக்டர் முன்னால் இதைத் தனியாகப் பேச விரும்பினால், 'கணவரைக் கொஞ்சம் வெளியில் இருக்கச் சொல்லுங்கள்' என்று நர்ஸிடம் கேட்கலாம், தப்பில்லை.

ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, பக்கத்தில் படுப்பதாலோ பிள்ளையிடமிருந்து மற்றவர்களுக்கு ஒட்டியதாகப் பார்ப்பதில்லை. பள்ளிக்கு அனுப்புங்கள். குரலை வைத்துக் கிண்டல் செய்யாமல் பார்த்துக்கொள்ளும்படி டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். குரல் முழுதாகத் தெளியுமா என்பது எத்தனை தடவை வெட்ட வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது, கொஞ்சம் கரகரப்பு தங்கிவிடுவது சகஜம்.

ஆக, மாமனாரின் கம்மல் பிள்ளையிடமிருந்து வந்திருக்காது. பெரியவர்களுக்கும் பாப்பிலோமா வரும், ஆனால் அதுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். பெரியவர்களின் குரல் நாணில் தீங்கில்லாத வளர்ச்சிகள் பலவிதம். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலில் 'வேல் வேல்' என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, மறுநாளிலிருந்து குரல் திரும்பாமல் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம்போல் பாலிப் வந்தவர்கள் உண்டு, அது ஆபரேஷனில் போய்விடும். வயிற்று அமிலம் மேலே ஏறுவதாலும் ஓயாமல் தொண்டையைக் கனைப்பதாலும் பின்பக்கம் வரும் கிரானுலோமா என்ற சதை வளர்ச்சிக்கு அமில மருந்தும் குரல் பயிற்சியும்தான் முதலில், அவசரப்பட்டு வெட்டினால் திரும்ப வரும். சிகரெட்டால் நாண் முழுக்க நீர் கோத்துக் குரல் தடிப்பதும் உண்டு. ஆனால் உங்கள் மாமனார் புகைப்பவர், குடிப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு வாரத்துக்கு மேல் கம்மல் தெளியவில்லையென்றால் அப்படிப்பட்டவருக்கு முதலில் கேன்சர் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பையனைக் கூட்டிப்போகும் அதே பயணத்தில் கூட்டிப்போக முடியுமா என்று பாருங்கள், கிளினிக்கில் அவருக்கும் தனியாக ரெஃபர் லெட்டர் வாங்கிக்கொண்டு. ஒருமுறை துணுக்கு எடுத்து 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும், கம்மல் தொடர்ந்தால் திரும்பப் போக வேண்டும். ஜெர்மானியச் சக்கரவர்த்தி மூன்றாம் ஃபிரெடரிக்குக்கு 1887-ல் அப்படித்தான் நடந்தது. தொண்டைத் துணுக்கில் கேன்சர் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. 1888 ஜூனில் தொண்டைக் கேன்சரிலேயே இறந்தார், அரியணையில் இருந்தது 99 நாள்தான்.

கடைசியாக வயிற்றில் இருக்கும் பிள்ளை. இதற்காக மட்டும் சிசேரியன் செய்யச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், டாக்டர்களும் அப்படிப் பரிந்துரைப்பதில்லை. சிசேரியனில் பிறந்த பிள்ளைகளுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. பிறப்புறுப்பில் மரு இருந்த தாய்மார்களுக்குப் பிறந்தவர்களை டென்மார்க்கில் கணக்கெடுத்துப் பார்த்தபோதே ஆயிரத்துக்கு ஏழு பிள்ளைகளுக்குத்தான் வந்திருந்தது. மூத்தவனுக்கு வந்ததால் இளையவனுக்கும் வரும் என்று கட்டாயமில்லை. ஆனால் கர்ப்பப் பரிசோதனைக்குப் போகும்போது மிஸ்ஸியிடம், அதாவது நர்ஸிடம், மூத்த பிள்ளையின் நோயைச் சொல்லி, கர்ப்பப் பரிசோதனையைப் பதியும் பிங்க் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மரு ஏதாவது இருந்தால் மகப்பேறு டாக்டர் பார்த்து முடிவு செய்வார்.

பிறந்த பிறகு முதல் சில மாதங்களில் பாப்பாவுக்கு மூச்சில் சத்தம் கேட்டாலும் அது பாப்பிலோமா என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வயதில் பெரும்பாலும் குரல்வளைக் குருத்தெலும்பு தளர்வாக இருப்பதுதான் காரணம், வளர வளரச் சரியாகிவிடும். சில பாப்பாக்களுக்குக் குரல் நாணுக்குக் கீழே ரத்தக் குழாய்க் கட்டி வரும், தாடைப் பக்கத் தோலில் சிவப்புத் திட்டு இருந்தால் அதைக் கட்டாயம் காட்டுங்கள். முன்பெல்லாம் அதற்கு ஆபரேஷன், கழுத்தில் குழாய் என்று அலைந்தோம். 2008-ல் பிரான்சில் போர்தோ நகரத்து டாக்டர்கள், இதய நோய்க்குக் கொடுத்த ப்ராப்ரனொலால் மருந்தில் இந்த வகைக் கட்டி சுருங்குவதைத் தற்செயலாகக் கண்டதை வெளியிட்டார்கள். இப்போது வாயில் ஊற்றும் மருந்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

இந்தக் குடும்பத்து அடுத்த தலைமுறைக்கு உள்ள தடுப்பு, ஊசிதான். மலேசியாவில் 2010 முதல் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே ஹெச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2007-ல் 6, 11 வகைகளையும் தடுக்கும் ஊசியை ஆரம்பித்தார்கள், 2012-க்கும் 2016-க்கும் இடையில் அங்கே பிள்ளைகளுக்கு வரும் பாப்பிலோமா கிட்டத்தட்ட அற்றேபோனது. 16, 18 வகைகளை மட்டும் தடுக்கும் ஊசியும் உண்டு, அது கர்ப்பப்பைவாய்க் கேன்சருக்குக் காப்பு, இந்த மருவுக்கு உதவாது. உங்கள் நாத்தனார் மகள் முதலாம் படிவத்தில் இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தால் மேசைக்கு அடியில் போட்டுவிடாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள், எந்த ஊசி என்று பள்ளிக்கு வரும் மிஸ்ஸியிடமே கேட்டுக்கொள்ளலாம்.